ஏழாவது கட்டம்

புலவாயோவில் ஜூலை மாதக் காலை.
பத்தரைக்கு மின்சாரம் போய்விடும் என்று
ஹீட்டரை ஆளுக்கொரு பக்கம்
காலால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதுபவள்.
பேசியதை எழுதுவேன்.
இருமியதை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை
எழுத இடம் கிடையாது.

வேகப்பந்துப் பயிற்சியாளர், ஒரு வேலை, ஐந்து விண்ணப்பம்.
ஏழாவது கட்டம்: ஆடிய சர்வதேசப் போட்டிகள்.
நால்வர் அதில்
கேட்காத விக்கெட் கணக்கையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.
நொம்வேலோ ஹதேபே
ஒரு சைபர் போட்டிருந்தாள்.
கோடு இழுக்கவில்லை,
பொருந்தாது என்று நழுவவுமில்லை.
காம்பஸ் வைத்ததுபோல் வட்டமான சைபர்.

"ஏட்டுச் சுரைக்காய்" என்றார் பொருளாளர்,
அவள் உள்ளே வருவதற்கு முன்பே.
எழுதவா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார்.

பதினோரு வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை.
"இருபது வயதுப் பையன்கள் வருவார்கள்.
இடுப்புக்குச் சற்று மேலே
எலும்பில் மயிரிழை விரிசல்.
என்ன செய்தாய் என்றால், பந்து போட்டேன் என்பான்.
இடுப்பு ஒரு பக்கம் போக
தோள் வேறு பக்கம் போயிருக்கும்.
அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில்
மைதானத்துக்கு வந்தேன்.
பந்தைப் பார்க்கவே மாட்டேன்."

டெரிக் முட்டாசா அதுவரை பேசவில்லை.
நாட்டுக்காக நூற்றுச் சொச்சம் விக்கெட்.
அவருடைய படத்துக்குக் கீழேதான்
அவருடைய நாற்காலி.
"கடைசி ஓவர். ஆறு ரன்தான் பாக்கி.
அரங்கமே கத்துகிறது.
அங்கே நின்றிருக்கிறாயா?"
"இல்லை."
"நிற்கிறவனிடம் என்ன சொல்வாய்?"
"தெரியாது."
கொஞ்சம் பொறுத்து, சண்டைக்கு இல்லாமல்,
"நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றாள்.

முட்டாசா வாயைத் திறந்தார்.
வார்த்தைக்குப் பதிலாக வலது கை எழுந்தது.
மேசைக்கு மேல் மணிக்கட்டு ஒருமுறை மடங்கி
இரண்டு விரல் காற்றைக் கீறியது.
"இப்படி" என்றார். "கைக்குத் தெரியும்."
அதை எப்படி எழுதுவது என்று யோசிப்பதற்குள்
மின்சாரம் போனது.

மூன்றுக்கு இரண்டு. அவளுக்குத்தான் வேலை.
அந்த மூன்றில் ஒன்று முட்டாசாவுடையது.
அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

தபாணியின் பின்காலை
ஒரு சாண் நகர்த்த நான்கு மாதம் ஆயிற்று அவளுக்கு.
சுண்ணாம்புத் தூள், பழைய கைபேசி,
காலிப் பெயின்ட் டப்பாக்கள்.
வேகம் குறைந்துவிட்டது என்று முதலில் அழுதான்.
பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு
பேருந்து ஏறுவதை நிறுத்தினான்.

நவம்பரில் ஹராரே.
கடைசி ஓவரில் முதல் மூன்று பந்தும்
வேலிக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தில்.
தபாணி எல்லைக் கயிற்றுப் பக்கம் பார்த்தான்.
நொம்வேலோ நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.
அவன் கால் சரியான இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.
சொல்ல வேறொன்றும் அவளிடம் இல்லை.
அவள் முகம்
மின்சாரம் போன அறைபோல் இருந்தது.

சட்ஸா தட்டைக் கையில் ஏந்தியபடியே
முட்டாசா கயிற்றோரம் நடந்து போனார்.
தண்ணீர் குடிக்க வந்தவனிடம் ஏதோ சொன்னார்.
தபாணி சிரித்தான்.
நான்காவது பந்து யார்க்கர்.
ஐந்தாவதும்.
ஆறாவது பவுண்டரி, தோற்றோம்.

திரும்பும்போது வேனில் கேட்டேன்.
"இதே முனையில் என்னை
ஐந்து அடித்தார்கள், உனக்கு இன்னும்
இரண்டு பாக்கி இருக்கிறது என்றேன்."
முன் இருக்கையில் நொம்வேலோ
அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அவர் வாங்கிய அடிகளைப் பற்றி
சுவரில் படம் இல்லை.

அடுத்த ஆண்டுப் படிவம்
தட்டச்சுக்கு என்னிடம் வந்திருக்கிறது.
ஏழாவது கட்டம் இருக்கட்டுமா என்று கேட்டேன்.
பொருளாளர் ஆம் என்றார்.
நொம்வேலோ, கேள்வியை மாற்றலாம் என்றாள்.
முட்டாசா ஜன்னல் பக்கம் பார்த்தார்,
விரல்கள் இல்லாத பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.
குறிப்பில் எழுதினேன்:
கட்டம் ஏழு, ஒத்திவைக்கப்பட்டது.